‘ஓடக்கூடாது’ என்று எழுதித் தர என்னிடம் வராதீர்கள்

“பிள்ளைக்கு உடம்புக்கு ஆகாது, ஓட்டப் பந்தயத்தில் சேர்க்க வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டுக்கொண்டு ஒரு குடும்பம் என் அறைக்குள் வருவது இந்தப் பருவத்தில் இது நான்காவது முறை. பள்ளிகளில் குறுவட்டப் போட்டிகளுக்குப் பெயர் எடுக்கத் தொடங்கியதும் என்னுடைய லெட்டர் பேடுக்குத் திடீரென்று மவுசு கூடிவிடுகிறது. முதல் மூன்று குடும்பங்களிடமும் பொறுமையாகப் பேசித்தான் அனுப்பினேன். நான்காவதாக வந்த சிறுமியின் தாயை எனக்கு ஒன்பது ஆண்டுகளாகத் தெரியும் என்பதாலும், அந்தத் தாயே தினமும் ஓடுகிறவர் என்பதாலும், அன்று பொறுமை கைகொடுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வரும் அந்தப் பெண், இரண்டாவது பிரசவத்துக்குச் சில மாதங்கள் கழித்து என்னிடம் முதன்முதலாக வந்தபோது, தும்மினாலும் இருமினாலும் சிறுநீர் கசிகிறது என்ற ஒற்றை வாக்கியத்தைச் சொல்லி முடிக்கவே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தேன். சிறுநீரை அடக்குவதுபோல உள்ளே இறுக்கி, பத்து எண்ணும் வரை பிடித்து, பிறகு முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. (சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்தி இதைப் பழகுகிறவர்கள் உண்டு, அப்படிச் செய்யாதீர்கள்.) சில மாதங்களில் கசிவு நின்றது, நடக்க ஆரம்பித்தார், நடை மெல்ல ஓட்டமானது. இப்போது ஞாயிறு தவிர எல்லா நாளும் விடிவதற்குள் ஐந்து கிலோமீட்டர் ஓடி முடித்துவிட்டு, ஏழு மணிக்கு இட்லிப் பானையை இறக்குகிறார்.

அவர் தம் மகள்களை ஓடச் சொன்னதே இல்லை. மூத்தவள் ஏழு வயதில் ஒரு நாள் தானாக எழுந்து தெருமுனை வரை கூட ஓடிவந்தாள். அதோடு நின்று மூச்சு வாங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். பிறகு தெருமுனை பள்ளிக்கூட வாசலாயிற்று, பள்ளிக்கூட வாசல் கோயில் திருப்பமாயிற்று. இளையவளுக்கு ஓட்டத்தில் நாட்டமில்லை. அவள் பாண்டி ஆடுகிறாள், ஓடிப்பிடித்து விளையாடுகிறாள், சைக்கிளில் அக்காளைத் துரத்துகிறாள். அதுவும் போதும். பிள்ளைகளை எப்படி அசைய வைப்பது என்று என்னிடம் கேட்கும் தாய்மார்களில் பெரும்பாலோர் தாம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பிள்ளையை மைதானத்துக்கு விரட்டுகிறவர்கள். வீட்டில் ஒரு ஜோடி ஓட்டக் காலணி தினமும் வியர்வையோடு திண்ணையில் காய்வதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அந்த உபதேசம் தேவைப்படாது.

மூத்தவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பள்ளியில் 600 மீட்டருக்குத் தேர்வாகியிருக்கிறாள். இரண்டு மாதங்களுக்கு முன் வயதுக்கு வந்தாள், சடங்கு நடந்தது. அதோடு அப்பத்தா அவளுடைய ஓட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்து, மருமகளையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு என்னிடமே வந்துவிட்டார்.

“வயசுக்கு வந்த பிள்ளை இப்படித் தெறிச்சு ஓடுனா அடி இறங்கிரும் டாக்டரம்மா. நாளைக்கு ஒரு பிள்ளை தங்க வேணாமா?” என்றார். மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறுமி ஒரு காலணியின் நுனியால் இன்னொன்றின் மேல் ஒட்டியிருந்த மணலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அப்பத்தாவின் கைகளைப் பார்த்தேன். விரல் நுனிகள் முழுக்கப் பழைய வெட்டுத் தழும்புகள். இந்தக் கரையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்ப்பவருக்கு அவை என்ன தழும்புகள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய பாறைகளில் பாசி எடுத்த கைகள் அவை. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாதங்களில் தட்டுகளைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி மூழ்கி எழுந்து மணிக்கணக்கில் பாசி சேர்த்தவர், பேத்தி தார்ச்சாலையில் இரண்டரை நிமிடம் ஓடினால் கருப்பை கழன்றுவிடும் என்கிறார். எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன. “நீங்கள் கடலில் குதித்த குதிக்கு உங்களுக்கு இறங்கிவிட்டதா அம்மா?” என்று சற்று உரக்கவே கேட்டுவிட்டேன்.

“எனக்கு இறங்கித்தான போச்சு” என்றார் அவர்.

அந்தப் பதிலுக்குப் பிறகு சிறுமியை வெளியே அனுப்பிவிட்டு அவரைப் பரிசோதித்தேன். உண்மைதான். கருப்பை இறக்கம், அதுவும் முற்றிய நிலையில். எத்தனையோ ஆண்டுகளாகத் துணியால் உள்ளே தள்ளித் தள்ளி, மகனிடமோ மருமகளிடமோ ஒரு வார்த்தை சொல்லாமல் வாழ்ந்திருக்கிறார். கடலில் இறங்கியதால், துள்ளித் திரிந்ததால் வந்த தண்டனை என்று தமக்குத் தாமே தீர்ப்பும் எழுதிவைத்திருக்கிறார். அவருடைய அச்சத்துக்கு அன்பு ஒரு காரணம், தவறான நோயறிதல் இன்னொரு காரணம்.

ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கருப்பை என்பது நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை அன்று, குலுக்கினால் அறுந்து விழுவதற்கு. இடுப்பெலும்புக் கூட்டுக்குள் தசைநார்கள் அதைப் பக்கவாட்டில் பிடித்திருக்கின்றன, கீழே இடுப்புத்தளத் தசைகள் தாங்குகின்றன. இந்தத் தாங்கல் எப்போது தளர்கிறது? பல பிரசவங்களில், குழந்தையின் தலை வெகுநேரம் இறங்காமல் முக்கி முக்கிப் பெற்ற பிரசவங்களில், பெற்ற உடம்பு தேறுவதற்குள் பாரம் தூக்கியதில், ஆண்டுக்கணக்கான இருமலில், தீராத மலச்சிக்கலில், மாதவிடாய் நின்றபின் திசுக்கள் மெலிவதில். அப்பத்தாவுக்கு ஐந்து பிள்ளைகள், நான்கு பேர் வீட்டிலேயே பிறந்தவர்கள், ஒவ்வொரு முறையும் நாற்பது நாள் முடிவதற்குள் ஈரப் பாசி மூட்டையைத் தலையில் ஏற்றியிருக்கிறார். அவருடைய இறக்கத்துக்கான காரணம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பிள்ளை பெறாத, திசுக்கள் திடமாக இருக்கிற பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு இதில் எதுவும் பொருந்தாது. ஓடியதால் கருப்பை இறங்கிய ஒரு சிறுமியை என் தொழில் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. வயதுக்கு வந்தபின் ஓடியதால் பிள்ளை தங்காமல் போன ஒருத்தியையும் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். ஓடக்கூடாது என்று தடுக்கும் அதே வீடுகளில், அதே பிள்ளையின் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தண்ணீர்க் குடங்களை ஏற்றி அனுப்புகிறோமே, அப்போது இந்தக் கருப்பைக் கவலை எங்கே போகிறது?

இந்த மூடநம்பிக்கை நம் கரைக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியபோது, அவர்கள் உடம்பு தாங்காது என்று தீர்மானித்து அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வர 1960 ஆயிற்று. பாஸ்டன் மாரத்தானில் 1967-ல் எண் அணிந்து ஓடிய கேத்ரின் ஸ்விட்சரை ஓட்டத்தின் நடுவிலேயே பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தார்கள். அங்கே பெண்களை முறைப்படி அனுமதித்தது 1972-ல். பெண்களுக்கான ஒலிம்பிக் மாரத்தான் 1984-ல்தான் வந்தது. அதே லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் நம் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டார். பிற்காலத்தில் அவரும் ஒரு பிள்ளைக்குத் தாயானார். அப்பத்தாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. படித்த மருத்துவர்களே ஒரு காலத்தில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கறுத்துப்போவாள், கால் ஆண்பிள்ளைக் கால் மாதிரி ஆகிவிடும், மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்பவற்றுக்கெல்லாம் என்னிடம் மருந்தும் இல்லை, பதிலும் இல்லை. மாதவிடாய் நாட்களில் ஓடலாமா என்றால், முடிகிறது என்று பிள்ளை சொன்னால் ஓடட்டும். பலருக்கு வயிற்றுவலி அதனால் குறையவே செய்கிறது. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் தாராளமாகக் கொடுங்கள், நல்ல பழக்கம்தான். தின்றதை எலும்பிலும் தசையிலும் சேர்க்க அவளுக்கு ஓட்டமும் வேண்டும். பெண்ணின் எலும்பு வலுவில் பெரும்பகுதி பதினெட்டு வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. பிறகு வாழ்நாள் முழுவதும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பதுதான். ஐந்து முதல் பதினேழு வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும்படி உடல் அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பதினொன்று முதல் பதினேழு வயதுள்ள பெண் பிள்ளைகளில் உலக அளவில் 85 சதவீதம் பேர் அந்த அளவை எட்டுவதில்லை என்று அதே நிறுவனத்தின் ஆய்வு 2019-ல் சொன்னது. பள்ளியில் விளையாட்டுக்கென்று இருக்கும் ஒரே பீரியடையும் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்ளும் நாட்டில் அந்தக் கணக்கு எனக்கு வியப்பளிக்கவில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. ஓடும்போது பிள்ளை சீக்கிரம் களைக்கிறாள், முகம் வெளிறுகிறது, படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்றால், ஓட்டத்தை நிறுத்துவதற்கு முன் இரத்தத்தைச் சோதியுங்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை, தமிழ்நாட்டு வளரிளம் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது இருக்கிறது. பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை ஜன்னலுக்கு வெளியே போகிறதா, வயிற்றுக்குள் போகிறதா என்று விசாரியுங்கள். அதைத் தேநீரோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள். முருங்கைக்கீரையும், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு டப்பாப் பவுடரை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

அந்தத் தாயையும் நான் விட்டுவைக்கவில்லை. அண்மைக்காலமாக அவர் கைபேசியில் மகளின் ஓட்ட நேரத்தைக் குறிக்கத் தொடங்கியிருந்தார். சிறுமிக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே, எலும்பு புடைத்திருக்கும் இடத்தில், தொட்டால் வலித்தது. வளரும் எலும்பில் தசைநார் ஓயாமல் இழுப்பதால் வரும் வலி அது. ஓட்டத்தைச் சில வாரம் குறைத்தால் தணியும், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் நீளும். பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது, வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். பயிற்சி கூடக் கூடச் சாப்பாடும் கூட வேண்டும். ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் நின்றுபோனால், ‘தொல்லை விட்டது’ என்று மகிழாமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். உடம்புக்குப் போதிய உணவு கிடைக்கவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். ஓடும்போது மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, குடும்பத்தில் இளம் வயதில் யாரேனும் திடீரென இறந்திருந்தாலோ, இதயத்தைப் பரிசோதிக்கும் வரை ஓட்டம் கிடையாது. புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மார்கள் குறைந்தது மூன்று மாதம் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அறுவைச் சிகிச்சைப் பிரசவம் என்றாலும்.

மற்றபடி நம் கரைக்கென்று சில எச்சரிக்கைகள். இங்குள்ள காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஆகவே வெயில் ஏறுமுன் ஓடுங்கள், இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல். வீட்டிலிருந்தே நல்ல தண்ணீரை எடுத்துச் செல்லுங்கள். கடற்கரையில் அலை நனைத்த சரிவில் ஒரே திசையில் வெகுதூரம் ஓடினால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக இடுப்பு வலிக்கும். மெத்து மணலில் புதிதாக ஓடினால் குதிகால் நார் வலிக்கும். வெறுங்காலுடன் ஓடுவது பார்க்க அழகுதான், ஆனால் கரையில் கிடக்கும் தூண்டில் முள்ளையும் உடைந்த பாட்டிலையும் மாதந்தோறும் பிள்ளைகளின் பாதங்களிலிருந்து எடுப்பவள் நான். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய, டெட்டனஸையும் டிப்தீரியாவையும் தடுக்கும் டி.டி. தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள். பாம்பன் பாலத்திலும் தனுஷ்கோடி நேர்ச்சாலையிலும் பிள்ளைகளை ஓட விடாதீர்கள், தயவுசெய்து. சுற்றுலா வண்டிக்காரர்கள் கடலைப் பார்க்கிறார்களே தவிரச் சாலையைப் பார்ப்பதில்லை. ஊர்ச் சாலையிலும் எதிர்வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்புறமாக, வெளிர்நிற உடையில் ஓடுங்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்கு வாருங்கள். மஞ்சளும் மிளகாய்த்தூளும் வேண்டாம்.

கடிதம் எழுதினேன். முழங்கால் வலி தணிந்துவிட்டால் இந்தச் சிறுமி போட்டியில் பங்கேற்க உடல்தகுதி உடையவள் என்று எழுதிக் கையொப்பமிட்டு, அதைத் தாயிடம் கொடுக்காமல் அப்பத்தாவின் கையிலேயே கொடுத்தேன். கருப்பையைத் தாங்கிப் பிடிக்க இப்போதைக்கு ஒரு வளையம் பொருத்தலாம், அறுவைச் சிகிச்சையைப் பிறகு முடிவு செய்யலாம் என்று சொல்லி, அவரை மூன்று வாரம் கழித்து வியாழக்கிழமை வரச் சொன்னேன். தேதியைக் கேட்டதும் மருமகளைப் பார்த்தார். மருமகள் ஏதோ முணுமுணுத்தார். “அன்னைக்கு இவளுக்கு ஓட்டமாம்ல, வெள்ளிக்கிழமை வர்றேன் டாக்டரம்மா” என்றார்.