ஒரு பதிவு, நாலு தளம்: இடையில் நடக்கும் வேலை

எக்ஸ், ப்ளூஸ்கை, மாஸ்டடான், த்ரெட்ஸ் என்று நாலு இடத்தில் கணக்கு வைத்திருப்பவர்கள் எழுதியதை ஒவ்வொரு தளமாகப் போய் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. பஃபர் போன்ற ஒரு கருவியில் ஒரே தடவை எழுதி பட்டனை அமுக்கினால் நாலிலும் வந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இது பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கிறது. தமிழில் எழுதும்போது, கவனமில்லாமல் செய்யப்பட்ட கருவி என்றால் விசித்திரங்கள் முளைக்கும். லிங்க்கின் நீல நிறம் வேறு ஏதோ ஒரு சொல்லின் பாதியில் தொடங்கும். நீளமான பதிவைத் துண்டு போடும்போது இரண்டாம் துண்டின் தலையில், தாய் எழுத்தைத் தொலைத்த ஒரு துணைக்கால் புள்ளி வட்டத்தோடு வந்து நிற்கும்.

இந்தக் கருவிகள் உங்கள் பதிவை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வைப்பதாக நினைத்தால் இது புரியாது. அவை ஒவ்வொரு தளத்திலும் உங்கள் பெயரில் ஒரு புதுப் பதிவை எழுதுகின்றன. அந்தந்தத் தளத்தின் விதிப்படி அளந்து, வெட்டி, ஒட்டி எழுதுகின்றன. ஒருமுறை எழுதி முடித்ததும் நாலுக்கும் ஒன்றோடொன்று எந்த உறவும் கிடையாது.

உங்கள் பெயரில் எழுத அனுமதி வேண்டுமே. ஆரம்பத்தில் இதைச் செய்த விதம் இன்று கேட்டால் பகீர் என்றிருக்கும்: ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) பாஸ்வேர்டையே மூன்றாம் நபர் செயலிகள் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டன. 2010 ஆகஸ்ட் இறுதியில் ட்விட்டர் அந்த வழியை மூடி, ஓஆத் என்ற முறையைக் கட்டாயமாக்கியது. இதில் கருவி உங்களைத் தளத்தின் சொந்தப் பக்கத்துக்கு அனுப்புகிறது. பாஸ்வேர்டை அங்கேதான் கொடுக்கிறீர்கள். ‘இந்தச் செயலி உங்கள் சார்பில் பதிவிடலாமா’ என்று தளம் கேட்கும். சரி என்றால், டோக்கன் எனப்படும் நீண்ட ரகசியக் குறியீடு ஒன்று கருவியின் கைக்குப் போகும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்ற வரம்பு அந்த டோக்கனோடு கட்டப்பட்டிருக்கும். பாஸ்வேர்டை மாற்றாமலே அதை மட்டும் ரத்து செய்துவிடலாம். பல வருடங்களுக்கு முன் அனுமதி கொடுத்து மறந்துபோன செயலிகள் உங்கள் கணக்கிலும் தொங்கிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டது. இனி அளக்க வேண்டும். தமிழருக்குச் சுவாரசியமான பகுதி இதுதான்.

‘வணக்கம்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பள்ளிக்கூடக் கணக்கில் ஐந்து: வ, ண, க், க, ம். கம்ப்யூட்டர் சேமிக்கும் யூனிகோட் குறியீடுகளோ ஏழு, ஏனென்றால் இரண்டு மெய்களின் மேலுள்ள புள்ளிக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. அதையே இணையத்தில் அனுப்பும் யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். ஆக 21 பைட். ஒரே சொல்லுக்கு 5, 7, 21 என்று மூன்று நீளம். ஆங்கிலத்தின் ‘ஹலோ’வை ரோமன் எழுத்தில் எழுதினால் எப்படி எண்ணினாலும் ஐந்துதான்.

எக்ஸ் தளம் குறியீடுகளை எண்ணுகிறது. சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகள் ஒவ்வொன்றும் அங்கே இரண்டாகக் கணக்காகும். தமிழ்க் குறியீடு ஒன்றாகத்தான் கணக்காகும். ப்ளூஸ்கை எண்ணுவது கிராஃபீம்களை, அதாவது கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் கொத்துகளை. ‘மி’ அங்கே ஒன்று, எக்ஸில் இரண்டு. மாஸ்டடானும் கிராஃபீம் கணக்குதான். நம் பள்ளிக்கூடக் கணக்கோடு கிட்டத்தட்ட முழுதாகவே ஒத்துப்போகிறது. க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றை மட்டும் யூனிகோட் விதி இரண்டிரண்டாக எண்ணும். இரண்டும் 247-க்கு வெளியே இருப்பவை என்பதால் இதற்காக யாரும் போராட்டம் நடத்தப்போவதில்லை.

இப்போது வரம்புகளைப் பாருங்கள். எக்ஸின் இலவசக் கணக்குக்கு 280, ப்ளூஸ்கைக்கு 300. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. நமக்கு அப்படியில்லை. ‘வணக்கம்’ சொல்லின் விகிதத்தையே வைத்துக்கொண்டால் எக்ஸின் 280 என்பது தமிழில் வெறும் 200 எழுத்துதான். ப்ளூஸ்கையில் 300 எழுத்தையும் நிரப்பிய பதிவு எக்ஸுக்குப் போகும்போது மூன்றில் ஒரு பங்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

அப்படி நீண்டதைக் கருவி துண்டு போடுகிறது. 280-ஆவது குறியீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால், அது ‘கா’வின் ககரத்துக்கும் துணைக்காலுக்கும் நடுவில் விழலாம். முதல் துண்டு ‘க’ என்று முடியும், இரண்டாவது ‘ா’ என்று ஆரம்பிக்கும். உருப்படியான கருவி சொல் முடிகிற இடத்தைப் பின்னோக்கித் தேடிப் போய் வெட்டும். அப்புறம் ஒவ்வொரு துண்டையும் முந்தையதற்கு ரிப்ளையாகத் தொங்கவிட வேண்டும்; அதற்கு முந்தைய துண்டின் அடையாள எண் தெரிய வேண்டும். அதனால் எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்ப முடியாது, வரிசையாகத்தான் போக வேண்டும். மூன்றாவதில் நெட் போய்விட்டால் உலகத்துக்குப் பாதிக் கதைதான் போய்ச் சேரும்.

லிங்க் விஷயம் இன்னும் வேடிக்கை. எக்ஸில் லிங்க் எவ்வளவு நீளமானாலும் 23 எழுத்தாகவே கணக்காகும், அதை அடையாளம் காண்பதும் தளத்தின் வேலை. ப்ளூஸ்கையில் அந்தப் பொறுப்பு பதிவை அனுப்பும் கருவியுடையது: எத்தனையாவது பைட்டில் லிங்க் தொடங்குகிறது, எத்தனையாவதில் முடிகிறது என்று அது சொல்லியாக வேண்டும். ‘வணக்கம்’ எழுதி ஓர் இடைவெளி விட்டு லிங்க் போட்டால் அது 22-ஆவது இடத்தில் தொடங்குகிறது (எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து). நிரலாளர் பைட்டை மறந்து குறியீட்டை எண்ணியிருந்தால் 8 என்று சொல்லிவிடுவார். எட்டாவது பைட் எங்கே இருக்கிறது? ‘க்’கில் உள்ள ககரத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில்! ரோமன் எழுத்தில் மட்டுமே சோதித்துப் பார்த்தவர் கண்ணில் இந்தப் பிழை படவே படாது, யாராவது ஓர் இமோஜி போடும்வரை.

இன்னொரு சங்கதி. ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ‘ொ’ என்ற ஒரே குறியீடு, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு. திரையில் வித்தியாசமே தெரியாது. ‘இதை ஏற்கெனவே போட்டாயிற்றா’ என்று கருவி ஒப்பிடும்போது மட்டும் இரண்டும் வேறு வேறு. அதனால் ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது நல்ல வழக்கம்.

அந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அனுப்பினோம், பதில் வரவில்லை; பதிவு போய்ச் சேர்ந்ததா இல்லையா? திரும்ப அனுப்பினால் இரண்டு பதிவாகிவிடும். மாஸ்டடானில் இதற்கு நேர்த்தியான வழி இருக்கிறது: ஒவ்வொரு கோரிக்கையோடும் கருவி ஒரு தனிச் சாவிச்சொல்லை இணைத்து அனுப்பும், ஒரு மணி நேரத்துக்குள் அதே சாவிச்சொல் மறுபடி வந்தால் சர்வர் புதுப் பதிவு போடாது. இரண்டு தளத்தையும் இரு திசையிலும் இணைத்து வைத்தால் பதிவு முடிவில்லாமல் பந்தாடப்படும் ஆபத்தும் உண்டு; எது யாருடைய பிரதி என்று கருவி பட்டியல் வைத்துக்கொண்டால்தான் அது நிற்கும்.

படங்களுக்கு வேறு விதி. இன்ஸ்டாகிராமில் வெறும் எழுத்தைப் பதிவாகப் போட முடியாது. @ போட்டு எழுதும் பெயர்களைக் கருவி அப்படியே கொண்டு போனால், அடுத்த தளத்தில் அதே பெயரில் இருக்கும் முன்பின் தெரியாத யாருக்கோ நோட்டிபிகேஷன் போகும்.

இவை எல்லாம் தீர்க்கக்கூடிய தொழில்நுட்பச் சிக்கல்கள். கதவைத் திறப்பதும் மூடுவதும் தளத்தின் முதலாளி கையில் இருப்பதுதான் பெரிய சிக்கல். 2012 ஜூனில் ட்வீட்கள் லிங்க்டுஇன்னில் தானாகத் தோன்றுவதை ட்விட்டர் நிறுத்தியது. அதே வருடம், இன்ஸ்டாகிராமை ஃபேஸ்புக் வாங்கிய பிறகு, டிசம்பரில் அதன் படங்கள் ட்விட்டரில் தெரிவது நின்று வெறும் லிங்க் மட்டும் மிஞ்சியது. முன்னோட்டம் திரும்பி வர 2021 ஆகிவிட்டது. ஃபேஸ்புக் பயனர்களின் தகவல்கள் அவர்கள் அனுமதியின்றிக் கைமாறிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்துக்குப் பின், 2018 ஆகஸ்டில், வெளிச் செயலிகள் ஃபேஸ்புக்கின் தனிநபர் பக்கத்தில் தானாகப் பதிவிடும் வழி அடைக்கப்பட்டது. 2023-இல் ட்விட்டர், வெளிச் செயலிகள் தளத்தோடு பேசும் வழியான ஏபிஐ-யின் இலவச வடிவைச் சுருக்கி மாதம் 100 டாலரிலிருந்து கட்டணம் வைத்தது. தன்னார்வலர்கள் நடத்திய இணைப்புச் சேவைகள் சில அத்தோடு மூடப்பட்டன. பாதுகாப்பு ஒரு காரணம்தான். ஆனால் விளம்பரத்தில் வாழும் தளத்துக்கு, எழுதுபவர் உள்ளே வந்து உட்கார்ந்து எழுதுவதுதானே லாபம்?

இந்தச் சிக்கலுக்கு வேறொரு பக்கத்திலிருந்து வந்த விடை ஆக்டிவிட்டிபப், அதாவது வெவ்வேறு சர்வர்கள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ள உதவும் ஒரு பொது மொழி. உலகளாவிய வலைத் தர அமைப்பான டபிள்யூ3சி 2018 ஜனவரியில் இதைத் தரமாக ஏற்றது. தனித்தனியாகப் பலர் நடத்தும் மாஸ்டடான் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது இதில்தான்; த்ரெட்ஸும் 2024-இல் ஓரளவு இணைந்தது. இங்கே பதிவு ஒன்றே ஒன்று, அதற்கு நிரந்தர முகவரியும் ஒன்றுதான். பிற சர்வர்களுக்குப் போவது அந்த முகவரியைத் தாங்கிய நகல் என்பதால், திருத்தினாலும் அழித்தாலும் தகவல் அங்கெல்லாம் போகிறது. அழிப்பது கட்டளையாகப் போவதில்லை, கோரிக்கையாகத்தான் போகிறது. கேட்காத சர்வரை ஒன்றும் செய்ய முடியாது.

மாஸ்டடானையும் ப்ளூஸ்கையையும் இதே பாணியில் இணைக்க ‘பிரிட்ஜி ஃபெட்’ என்ற பாலம் ஒன்று உண்டு. நிரலாளர் ரயன் பாரெட் அதை உருவாக்கியபோது, வேண்டாம் என்று சொல்லாத எல்லோருடைய பொதுப் பதிவுகளும் அந்தப் பக்கம் போகும் என்று திட்டமிட்டிருந்தார். 2024 பிப்ரவரியில் மாஸ்டடான் பக்கமிருந்து பெரும் எதிர்ப்பு கிளம்பியது. தங்கள் எழுத்து தாங்கள் சேராத ஒரு தளத்தில் தெரிவதில் பலருக்குச் சம்மதமில்லை. பிறகு திட்டம் மாறியது: பாலத்தின் கணக்கைத் தாமாக ஃபாலோ செய்பவர்களின் பதிவுகள் மட்டுமே இப்போது அதில் கடக்கின்றன.