மழையைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்: காலநிலைக் கணிப்புகள் எவ்வளவு பலித்தன?

கார்த்திகையில் வெள்ளம் வந்தால் யாழ்ப்பாணத்துச் சந்திகளில் ஒரு வாதம் தவறாமல் கிளம்பும். "பாத்தியளே, காலநிலை மாற்றம் எண்டு அவங்கள் சொன்னது வந்திட்டுது" என்பார் ஒருவர். "அப்ப 64இல அடிச்ச புயலுக்கு என்ன பேர் வைக்கிறது? அப்ப ஆரிட்டையப்பா இவ்வளவு வாகனம் இருந்தது?" என்பார் மற்றவர். அடுத்த வருடம் மாரி பொய்த்துக் கலட்டித் தரை வெடித்தால் இதே வாதம் ஆள் மாறித் தொடரும். மழை கூடினாலும் காலநிலை மாற்றம், குறைந்தாலும் காலநிலை மாற்றம் என்றால் இதை எப்படித்தான் சரிபார்ப்பது என்று கேட்பவரைக் குறைசொல்ல முடியாது. நியாயமான கேள்விதான்.

ஆனால் இருவரும் சாட்சிக்குக் கூப்பிடுவது மழையை. கணிப்புகள் பலித்தனவா என்று பார்க்க மழையைப் போல மோசமான சாட்சி கிடையாது. அதிலும் யாழ்ப்பாணத்து மழை இருக்கிறதே!

சரி, எதை வைத்துச் சரிபார்ப்பது? முதலில், என்ன சொன்னார்கள் என்பதைத் துல்லியமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு காலநிலைக் கணிப்புக்குள்ளும் இரண்டு கணிப்புகள் ஒளிந்திருக்கின்றன. காபனீரொட்சைட்டு (CO₂) போன்ற, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுக்களை மனிதர் எவ்வளவு வெளிவிடப் போகிறார்கள் என்பது ஒன்று. அவ்வளவு வாயு சேர்ந்தால் பூமி எவ்வளவு சூடாகும் என்பது மற்றது. முதலாவது அரசியலும் எண்ணெய் விலையும் கலந்த ஊகம். இரண்டாவதுதான் பௌதிகவியல். புள்ளி போடுவதென்றால் இரண்டுக்கும் தனித்தனியாகப் போடவேண்டும்.

நாசாவில் இருந்த ஜேம்ஸ் ஹான்சன் 1988இல் வெளியிட்ட கணிப்பைப் பாருங்கள். சந்தேகப்படுவோர் அடிக்கடி தூக்கிக் காட்டுவது அதைத்தான். வாயு வெளியேற்றம் வேகமாகக் கூடினால், நடுத்தரமாகக் கூடினால், கட்டுக்குள் வந்தால் என்று மூன்று கோடுகள் வரைந்தார். பெரும்பாலும் நடக்கக்கூடியது என்று அவர் நினைத்த நடுக்கோடு, உண்மையில் நடந்ததைவிட வேகமாக மேலே போகிறது. அது பிழைத்த கணிப்பு என்பதை மறைக்கத் தேவையில்லை. ஏன் பிழைத்தது என்பதுதான் விசயம். குளோரோபுளோரோகாபன் வாயுக்களும் மெதேனும் கூடிக்கொண்டே போகும் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஓசோன் படையைக் காக்க 1987இல் செய்துகொண்ட மொன்றியல் உடன்படிக்கை முதலாவதைக் கட்டுப்படுத்தியது. 1990களில் மெதேனின் ஏற்றமும் தளர்ந்தது. இது மனிதரைப் பற்றிய ஊகம் பிழைத்த கதை. ஆனால் இன்னொரு பிழை, பூமியின் காலநிலையைக் கணக்கிட அவர் பயன்படுத்திய கணினி மாதிரியிலேயே இருந்தது. காபனீரொட்சைட்டு இரட்டிப்பானால் பூமி 4.2 பாகை சூடாகும் என்றது அந்த மாதிரி. இன்றைய சிறந்த மதிப்பீடு 3 பாகை அளவில் நிற்கிறது. அந்தப் புள்ளியை அவரிடமிருந்து கழிக்கத்தான் வேண்டும்.

சீக் ஹவுஸ்பாதர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1970 முதல் 2007 வரை வெளிவந்த 17 கணிப்புகளை இப்படித்தான் எடுத்துப் பரிசோதித்தார்கள். அப்படியே ஒப்பிட்டபோது 10 கணிப்புகள் உண்மை அளவீட்டோடு ஒத்துப்போயின. வாயு வெளியேற்ற ஊகத்தின் பிழையை நீக்கிவிட்டு, பௌதிகத்தை மட்டும் சோதித்தபோது 14 தேறின. அந்தக் காலத்துக் கணினிகளின் வலுவை நினைத்தால் இது சாதாரண தேர்ச்சியில்லை.

ஆனால் என்னைக் கேட்டால், உலக வெப்பம் ஏறிய கோடு அவ்வளவு பெரிய சான்றில்லை. ஏறும் என்றார்கள், ஏறியது. சூரியன் சற்று உக்கிரமானாலும் அது ஏறியிருக்கும் என்று வாதாட இடமிருக்கிறது. அந்த வாதத்தின் வாயை அடைக்கும் கணிப்பு ஒன்று 1967இலேயே வந்துவிட்டது. சியுக்குரோ மனாபே, ரிச்சர்ட் வெதரால்ட் என்ற இரண்டு காலநிலை விஞ்ஞானிகள் செய்த கணக்கு அது. காபனீரொட்சைட்டு இரட்டித்தால் நிலமட்டம் ஏறத்தாழ 2.3 பாகை சூடாகும் என்றதோடு, மேலே படைமண்டலம், அதாவது ஓசோன் படை இருக்கும் வளிமண்டல அடுக்கு, குளிரும் என்றும் அந்தக் கணக்கு சொன்னது. கேட்க விசித்திரமாக இருக்கும். கீழே அடர்ந்த காற்றில் இந்த வாயு, தரை வெளிவிடும் வெப்பத்தைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. மேலே காற்று மெல்லியது. அங்கே ஓசோன், சூரியனின் புறஊதாக் கதிரை உறிஞ்சி வெப்பத்தைச் சேர்க்கிறது. காபனீரொட்சைட்டு அந்த வெப்பத்தை விண்வெளிக்கு வீசி எறிகிறது. வாயு கூடினால் வீசி எறிவதும் கூடும். ஆகவே அந்த மட்டம் குளிரும். சூரியன்தான் காரணம் என்றால் மேலும் கீழும் சேர்ந்தல்லவா சூடாகியிருக்க வேண்டும்?

அவர்கள் இதை எழுதியபோது வளிமண்டல வெப்பநிலையைத் தொடர்ந்து அளக்கும் செய்மதிகள் கிடையாது. 1979 அளவில்தான் அந்தப் பதிவு தொடங்குகிறது. கீழே சூடு, மேலே குளிர் என்றே அது காட்டுகிறது. ஓசோன் குறைந்ததும் அந்தக் குளிர்ச்சிக்கு ஒரு காரணம்தான். ஆனால் படைமண்டலத்தின் மேற்பகுதிக் குளிர்ச்சியில் காபனீரொட்சைட்டின் பங்கு இல்லாமல் கணக்கு முடியாது. மனாபேக்கு 2021இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே பௌதிகம் இரவுகளைப் பற்றியும் சொன்னது. பகலில் தரைக்கு மேலே காற்று ஒரு கிலோமீற்றருக்கும் மேலாகக் கலங்கிப் புரள்கிறது. வந்து சேரும் மேலதிக வெப்பம் அவ்வளவு உயரத்துக்கும் பங்குபோகும். இரவில் கலங்கும் படை மிகவும் தாழ்ந்துவிடும். அதே வெப்பம் கொஞ்சக் காற்றில் சேர்வதால் வெப்பநிலை அதிகம் ஏறும். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பார்த்தால் உலக நிலப்பரப்பில் இரவின் தாழ்ந்த வெப்பநிலை பகலின் உச்சத்தைவிடக் கூடுதலாகத்தான் ஏறியிருக்கிறது. வானிலை அவதான நிலையங்களில் வெள்ளை பூசிய, பக்கமெல்லாம் சாய்வுப் பலகை அடித்த மரப்பெட்டி ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒரு வெப்பமானி படுக்கையாகக் கிடக்கும். அதன் மதுசாரத்துக்குள் இருக்கும் சிறு ஊசி, இரவில் வெப்பம் இறங்க இறங்கத் தானும் இறங்கி, மிகத் தாழ்ந்த இடத்தில் நின்றுவிடும். காலையில் அதை வாசித்துப் பதிந்து, ஊசியை மீண்டும் ஏற்றி வைப்பார்கள். சந்தி வாதத்துக்கு வேண்டிய சாட்சி அந்த ஊசிதான். வெப்பமண்டலத்தில் வருடத்துக்கு வருடம் சராசரி வெப்பநிலை அதிகம் மாறாது என்பதால் சிறிய ஏற்றம்கூட இங்கே சீக்கிரம் துலங்கும். ஐரோப்பாவின் பனிக்காலம் வருடத்துக்கு வருடம் பல பாகை ஆடும். அங்கே அதே ஏற்றம் அந்த ஆட்டத்துக்குள் ஒளிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: நிலையத்தைச் சுற்றி மரங்களைத் தறித்துச் சீமெந்து ஊற்றினாலும் இரவுச் சூடு ஏறும். ஒரு நிலையத்தின் பதிவை மட்டும் நம்பக்கூடாது.

இனி மழைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை. அதுவும் நாள்தோறும் அளந்து வருவதில்லை. வங்காள விரிகுடாவில் உருவாகும் நாலைந்து தாழமுக்கங்கள் கொண்டுவந்து கொட்டுவதுதான். ஒரு தாழமுக்கம் நூறு கிலோமீற்றர் வடக்கே விலகினால் வருடக் கணக்கே மாறிவிடும். 2024 கார்த்திகைக் கடைசியில் ஃபெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் கிழக்குக் கரையோரமாக மெல்ல ஊர்ந்ததால்தான் குடாநாட்டில் அவ்வளவு வெள்ளம். அது கொஞ்சம் விரைந்து நகர்ந்திருந்தால் அந்த வாரம் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மாதிரிகள் இதைக் கையாளும் விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். உலகக் காலநிலை மாதிரி பூமியைப் பெட்டிகளாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. பெட்டியின் பக்கம் பொதுவாக 100 கிலோமீற்றர் அளவு. அகலக்கோட்டில் 9.5 முதல் 10.5 பாகை வரை, நெடுங்கோட்டில் 79.5 முதல் 80.5 வரை ஒரு பெட்டி போட்டுப் பாருங்கள். பருத்தித்துறை, யாழ்ப்பாண நகரம், நெடுந்தீவு, பாக்கு நீரிணையின் ஒரு பெரும் பகுதி, எதிர்க்கரையில் கோடியக்கரை, வேதாரணியம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். அவ்வளவுக்கும் சேர்த்து ஒரே மழை எண். மழை கொட்டும் முகில் சில கிலோமீற்றர் அகலந்தான். அதைப் பெட்டிக்குள் நேரடியாகக் கணக்கிட முடியாமல், தோராயச் சூத்திரம் ஒன்றால் நிரப்புகிறார்கள். சிறிய பெட்டிகள் கொண்ட பிராந்திய மாதிரிகளும் உண்டு. ஆனால் அவற்றின் விளிம்பில் தகவல் ஊட்டுவது அதே பெரிய மாதிரிதான். அதன் பிழையும் கூடவே உள்ளே வரும்.

அப்படியென்றால் அடுத்த வாரத்து மழையையே சரியாகச் சொல்ல முடியாதவர்கள் 2050ஐ எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள். உங்கள் வளவுக் கிணற்றில் அடுத்த புதன்கிழமை எத்தனை முழத் தண்ணீர் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்துத் தோட்டக்காரர் எப்போது மிசின் போடுவார் என்பதைப் பொறுத்தது அது. ஆவணியில் தை மாதத்தைவிடக் கீழே நிற்கும் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். காலநிலைக் கணிப்பு இந்த இரண்டாவது வகை.

மழையைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். காற்று ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே கொட்டும்போது கூடுதலாகக் கொட்டும். உலக அளவில் கடும் மழை நாட்களின் பதிவுகள் இதை ஆதரிக்கின்றன. ஆனால் நகரத்துத் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றதை இதற்குச் சான்றாக எடுக்காதீர்கள். வெள்ளவாய்க்காலை மூடி மதில் கட்டி, குளத்தை மண் போட்டு நிரவிய ஊரில் பழைய மழையே புது வெள்ளம் தரும். சூறாவளிகளின் எண்ணிக்கை கூடும் என்றும் பெரும்பாலான மாதிரிகள் சொல்லவில்லை. வருபவற்றில் கடுமையானவற்றின் பங்கு கூடும் என்பதே அவற்றின் கணிப்பு. தனுஷ்கோடியை அழித்த 1964 மார்கழிப் புயலோ, மட்டக்களப்பைப் புரட்டிய 1978 சூறாவளியோ இதைப் பொய்யாக்கவும் இல்லை, மெய்ப்பிக்கவும் இல்லை.

மாதிரிகள் வெளிப்படையாகச் சறுக்கிய இடம் ஒன்று பசிபிக்கில் இருக்கிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய கிழக்குப் பசிபிக், மேற்கைவிட வேகமாகச் சூடாகும் என்றன பெரும்பாலான மாதிரிகள். கடந்த நாற்பது வருடப் பதிவு அதற்கு எதிர்த்திசையில் போயிருக்கிறது. இயற்கையான ஊசலாட்டமா, மாதிரிகளின் கோளாறா என்று விஞ்ஞானிகளே இன்னும் பிடுங்குப்படுகிறார்கள். எங்கோ கிடக்கும் கடல்தானே என்று விட முடியாது. கிழக்குப் பசிபிக் சூடாகும் எல் நினோ வருடங்களில் இலங்கையில் ஐப்பசி, கார்த்திகை மழை கூடுவது வழக்கம்; அது குளிரும் லா நினா வருடங்களில் குறைவது வழக்கம். அந்தக் கடல் எந்தப் பக்கம் சாயப் போகிறது என்று தெரியாமல் குடாநாட்டின் வருங்கால மாரிக்கு ஒரு எண்ணைக் கொடுப்பவரை நான் நம்பமாட்டேன்.

இந்த இடைவெளி பணக் கணக்கில் முடிகிறது. 2024இல் தாளையடியில் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாரி தேவையில்லை. மின்சாரம் இருந்தால் போதும். ஆனையிறவு, வடமராட்சிக் கடனீரேரிகளை நன்னீராக்க 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த திட்டம் முழுக்க மாரியை நம்பியது. அப்படியான திட்டங்களைத் தூசு தட்டி எடுப்பவர்கள், மாதிரிகளின் சராசரியை ஒற்றை எண்ணாக எடுக்காமல், மழை கூடும் மாதிரியையும் குறையும் மாதிரியையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்து, இரண்டிலும் கதவணைகள் தாக்குப்பிடிக்குமா என்று கணக்குப் போடவேண்டும்.