ரெண்டு வெள்ளிச் செலவுக்குள் ஒரு நல்ல பொழுது

மனநல ஆலோசனைக்கு வருபவர்களிடம் முதல் சந்திப்பிலேயே நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “போன வாரம் எதையாவது ரசிச்சுச் செஞ்சீங்களா?” மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் இதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “அதுக்கெல்லாம் எங்கங்க நேரம், காசு?” சந்தோஷம் என்றால் ஈப்போவுக்குப் போய்ப் பேரங்காடியைச் சுற்றி, பிள்ளைகளுக்குப் பொரித்த கோழி வாங்கிக் கொடுத்து, நூறு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கரைத்துவிட்டு வருவது என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் அது எப்போதாவதுதான் நடக்கும். மற்ற நாளெல்லாம் வேலை, வீடு, கைப்பேசி, தூக்கம்.

இப்படி வாரக்கணக்கில் போவதைச் சிக்கனம் என்று விட்டுவிட முடியாது. மனச்சோர்வைக் கண்டறிய உலகமெங்கும் பயன்படும் ஒன்பது கேள்விப் படிவத்தில் முதல் கேள்வியே, கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமல் இருந்ததா என்பதுதான். மனம் வாடியிருக்கிறதா என்று கேட்பது இரண்டாவது கேள்வி. மலேசியாவின் 2023 தேசியச் சுகாதார ஆய்வில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2019-ல் அது 2.3 விழுக்காடு.

சோர்ந்த மனிதர் முதலில் நிறுத்துவது தனக்குப் பிடித்ததைத்தான். கடமைகளை இழுத்துப் பிடித்துச் செய்துவிடுவார். பாட்டு, பேச்சு, நடை எல்லாம் சத்தமில்லாமல் நின்றுபோகும். மனதுக்குத் தெம்பு கொடுப்பவை குறையக் குறையச் சோர்வு கூடும், கூடியதும் மீதியும் நிற்கும். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் லூவின்சன் 1970-களில் இந்தச் சுழலைத்தான் ஆராய்ந்தார். அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் அன்றாட வாழ்வின் இனிய காரியங்களைப் பட்டியலிட்டார்கள், மொத்தம் 320. அந்த வழியில் வளர்ந்த சிகிச்சையை 440 பேரிடம் இங்கிலாந்தில் சோதித்து 2016-ல் முடிவு வெளியிட்டார்கள். புதிதாகப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் கொடுத்த இந்த எளிய முறை, தேர்ந்த சிகிச்சையாளர்கள் நடத்திய பேச்சுச் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை.

இதிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். “மனசு வந்தா செய்றேன்” என்று காத்திருந்தால் மனசு வராது. சோர்ந்திருக்கும்போது முதலில் செய்ய வேண்டும். மனசு பின்னால் வரும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

மலிவான இன்பம் ஒன்று ஊரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது: நம்பர் எடுப்பது, அதாவது நாலு இலக்க லாட்டரி. புதன், சனி, ஞாயிறு மாலை ஏழு மணிக்குக் குலுக்கல். ‘பிக்’ வகையில் ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,500 வெள்ளி. அது விழ வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. வழக்கமான பரிசுகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், கட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கும் நாளடைவில் ஏறக்குறைய 64 காசுதான் திரும்பும். நட்டம் என்பது எடுப்பவர்களுக்கும் தெரியும். ஆனால் செவ்வாய் ராத்திரி கண்ட கனவை நம்பராக்குவதும், கடை வாசலில் நாலு பேரிடம் பேசுவதும், ‘அடிச்சா என்ன பண்ணலாம்’ என்று நினைத்துக்கொண்டே புதன்கிழமை வேலையைத் தள்ளுவதும் இருக்கிறதே, அந்த எதிர்பார்ப்புக்குத்தான் அவர்கள் காசு கொடுக்கிறார்கள். இதைக் கவனிக்காமல் “சூதாட்டத்தை விடு” என்று மட்டும் சொல்லும் குடும்பங்கள் தோற்றுப்போகின்றன. அதே புதன்கிழமை, அதே ஏழு மணி, முடிந்தால் அதே ஆள்களோடு வேறொன்றை வைத்தால்தான் இடம் நிரம்பும். (கடன் வாங்கி எடுப்பவர்களுக்கு இது போதாது, அவர்களுக்குத் தனிச் சிகிச்சை வேண்டும்.)

ஆகவே காசில்லாத இன்பத்துக்கும் கிழமையும் மணியும் வேண்டும். “இனிமே கொஞ்சம் ரிலேக்ஸா இருக்கணும்” என்பது செய்யக்கூடிய காரியமே இல்லை. “புதன் 6.30, பிரட்டுக்களம் வரை நடை, அக்காவோடு” என்றால் செய்யலாம் (பிரட்டுக்களம்: தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் திடல்). தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் பார்க்கும் அளவு: இருபது நிமிடத்துக்குள் முடிய வேண்டும், இரண்டு வெள்ளியைத் தாண்டக் கூடாது, யாரிடமும் அனுமதி கேட்காமல் தொடங்க முடிய வேண்டும். முதல் வாரத்துக்கு இரண்டு போதும். ஆர்வத்தில் ஏழு எழுதிக்கொண்டு போகிறவர்கள் வியாழக்கிழமையே கைவிட்டு, “என்னால இதுகூட முடியல” என்று கூடுதல் பாரத்தோடு வருகிறார்கள். மளிகைக் கடையில் கொடுக்கும் நாள்காட்டியில் அந்தக் கட்டத்துக்குள்ளேயே, செய்வதற்கு முன் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை, செய்தபின் எத்தனை என்று இரண்டு எண்களை எழுதினால் போதும். முன்பு மூன்றாக இருந்து பின்பு நாலானால் அது நல்ல பலன். மூன்று முறை செய்தும் அசையவில்லையென்றால் தயங்காமல் மாற்றிவிடலாம்.

மாலை நடையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊர்களின் பெரிய இலவசச் சொத்து அது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி நேரம் முன்னுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதனால் இங்கே சூரியன் சாய்வது வருடம் முழுக்க ஏறக்குறைய ஏழிலிருந்து ஏழரை மணிக்குள்தான். மதிய மழை விட்டு, வேலை முடிந்து, குளித்தபிறகும் ஒரு மணி நேர வெளிச்சம் மிச்சமிருக்கும். உடற்பயிற்சிக்காக என்று கிளம்பினால் அது இன்னொரு கடமையாகிவிடும். தூரத்தையும் காலடிகளையும் எண்ண வேண்டாம். பத்து நிமிடம் போக, பத்து நிமிடம் வர. போகும்போது காதுக்கு மட்டும் வேலை கொடுக்கலாம்: ஐந்து வேறு வேறு சத்தம் பிடிக்கும் வரை பேச்சு கிடையாது. புதருக்குள்ளிருந்து ‘ஊப் ஊப்’ என்று அடித்தொண்டையில் கூப்பிடும் செண்பகம், மின்கம்பியில் உட்கார்ந்து கத்தும் மீன்கொத்தி, தூரத்துச் செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை லோரி என்று ஐந்தும் சீக்கிரமே வந்துவிடும். திரும்பும்போது கண்ணுக்கு வேலை. பிப்ரவரி, மார்ச் வாக்கில் பால்மரங்கள் (ரப்பர்) இலையைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர் விடும். அந்தச் சில வாரங்களை வருடா வருடம் பார்க்காமலேயே கடந்துபோகிறவர்கள் தோட்டத்துக்காரர்கள்தான்.

செம்பனைத் தோட்டமாக இருந்தால் இன்னொன்று. எலியை ஒழிக்க நிர்வாகம் கம்பத்தில் பொருத்திய மரப்பெட்டிகளில் கூகை ஆந்தை குடியிருக்கும். சூரியன் மறைந்து கால்மணி, அரைமணிக்குள் அது வெளியே வரும். பெட்டியிலிருந்து இருபது முப்பது மீட்டர் தள்ளி, துவாரத்தைப் பார்த்தபடி நின்றால் முதலில் இதய வடிவத்தில் வெள்ளை முகம் தெரியும். பிறகு இறக்கைச் சத்தமே இல்லாமல் கிளம்பும். டார்ச் அடிக்கக் கூடாது, பெட்டியைத் தட்டக் கூடாது. ஆந்தை அலறினால் ஆகாது என்று பயப்படுகிற பாட்டிகளிடம், அது தின்கிற எலிகளைப் பற்றிப் பேசலாம். எலி குறைவது வீட்டுக்கும் நல்லதுதானே. நீளக்கை சட்டை, மூடிய காலணி அவசியம்: பொழுது சாயும் நேரம் ஏடிஸ் கொசு கடிக்கும் நேரம், எலியைத் தேடிப் பாம்பும் வரும். இருட்டியபின் லோரிப் பாதையில் நடப்பது வேண்டாம். கூகை பார்க்கப் போனால் வீட்டோரத்துப் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதின்ம வயதுப் பிள்ளையோடு பேச்சே வரவில்லை என்று சொல்லும் பெற்றோருக்குப் பல்லாங்குழியைப் பரிந்துரைப்போம். கை வேலையாக இருக்கும், முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டியதில்லை. பேச்சு தானாக நழுவி வரும். பலகை வாங்க வேண்டாம். முப்பது முட்டை அட்டையில் ஆறு குழி உள்ள வரிசை இரண்டை வெட்டி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் தனிக் குழி ஒன்றை ஒட்டினால் ஏழும் ஏழும் பதினாலு. குழிக்கு ஐந்து வீதம் எழுபது காய். சமையலில் சேரும் புளியங்கொட்டை போதும்; மஞ்சாடி மரத்தடியில் பொறுக்கினால் இன்னும் அழகு. ஆனால் மஞ்சாடி முழுச் சிவப்பு, குன்றிமணி சிவப்பில் கறுப்புப் பொட்டு. குன்றிமணி கடும் நஞ்சு, வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. ரப்பர் கொட்டையும் வேண்டாம்: முட்டைக் குழிக்குள் ஐந்து அடங்காது, சின்னப் பிள்ளை கடித்தால் அதிலும் நஞ்சிருக்கிறது.

ஆட்டம் மறந்தவர்களுக்கு: உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வலப்பக்கமாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொண்டு முறையை விட வேண்டும். எந்தக் குழியிலாவது நாலு சேர்ந்தால் அது ‘பசு’, அந்தப் பக்கத்துக்காரருக்கு. ஊருக்கு ஊர் விதி மாறும், தொடங்குமுன் பேசிக்கொள்ளுங்கள். அப்பா தினமும் ஜெயித்தால் மூன்றாம் நாள் பிள்ளை வராது. முதல் முறையைப் பிள்ளைக்கே கொடுத்து, மணி பார்த்து இருபது நிமிடத்தில் நிறுத்துங்கள். ஆசை மிச்சமிருக்கும்போது நிறுத்தினால்தான் நாளை மறுபடி உட்காருவார்கள்.

தேத்தண்ணி விஷயமும் இப்படித்தான். நாளுக்கு மூன்று கிளாஸ் தே தாரே குடிப்பவருக்கு மூன்றாவது நாக்கிலேயே படாது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வாரம் சாக்லெட்டைத் தொடாமல் இருந்தவர்கள், இஷ்டம்போல் தின்றவர்களைவிட அடுத்த முறை அதை அதிகமாக ரசித்தார்கள். ஒன்றைக் குறைத்து அந்த நேரத்துக்கு செராய் (எலுமிச்சைப் புல்) தண்ணி வைக்கலாம். பாசாரில் வாங்கிய செராய் இரண்டு தண்டு, அடிப்பாகம் ஒரு விரல் நீளம் நசுக்கி, மூன்று கிளாஸ் தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம். தீ அதிகமானால் மணம் ஆவியோடு போய்விடும். முதல் மூன்று மடக்கு நின்றுகொண்டு குடிக்காமல், உட்கார்ந்து, கைப்பேசி இல்லாமல். இவ்வளவுதான். அடிக்கட்டை வெட்டுப்படாத தண்டு கிடைத்தால் இரண்டு விரல் உயரத் தண்ணீரில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் விட்டதும் பழைய மைலோ டின்னில் ஓட்டை போட்டு நட்டுவிடலாம். தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரமே போதும்.

வானொலி, நூலகம், கோயில் திண்ணை எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: மின்னல் எஃப்எம்மில் பழைய பாட்டை இருவர் சேர்ந்து கேட்பதும் தனியாகக் கேட்பதும் ஒன்றல்ல. தோட்டத்து லய வரிசை வீடுகளிலிருந்து மலிவு அடுக்குமாடிக்கு மாறியவர்கள் இழந்தது வாசலில் உட்கார்ந்து பேசும் பழக்கத்தை. மாடி நடைபாதையில் இரண்டு நாற்காலி போட்டால் பாதி திரும்பும். வழியை மறித்தால் மட்டும் சண்டை வரும்.

இதெல்லாம் சரிவராமல் போவதற்கு நாங்கள் அதிகம் பார்க்கும் காரணம் காசோ சோம்பலோ இல்லை. வீட்டுப் பெண்ணின் நேரம். கணவர் ஆறரைக்கு நடக்கப் போகிறார் என்றால் அந்த நேரத்துக்குச் சமையலும் பிள்ளையின் வீட்டுப்பாடமும் யாரோ பார்க்கிறார்கள். அவருக்கு இலவசம், அவளுக்கு இல்லை. “அம்மாவும் வாங்களேன்” என்று வாயால் கூப்பிட்டால் நடக்காது. செவ்வாயும் வெள்ளியும் பாத்திரம் யார் கழுவுவது என்று நாள்காட்டியிலேயே எழுத வேண்டும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகும் நடையை ஓய்வுக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டாவது காரணம் கைப்பேசி. அதைத் திட்டிப் பயனில்லை, அந்த இருபது நிமிடமும் சமையலறையில் சார்ஜில் போட்டுவிடுவதே வழி.

இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் எண்கள் ஏறவில்லை, பெரும்பாலான நாள்கள் எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் கெட்டிருக்கிறது என்றால் இனி நடையும் செராய்த் தண்ணியும் போதாது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கே போய் “தலைவலி, உடம்பு அசதி” என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரையோடு திரும்ப நேரும். மலாயில் “சூடா டுவா மிங்கு, சாயா ஹிலாங் மினாட்” என்று சொல்லுங்கள், தமிழில் “ரெண்டு வாரமா எதுலயும் மனசு போகல” என்பதும் சரிதான். நாள்காட்டித் தாளையும் கையோடு கொண்டுபோங்கள், அந்த இரட்டை எண்கள் மருத்துவருக்கு உதவும். சாகலாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்திருந்தால் அவரைத் தனியாக விடாமல், வீட்டிலுள்ள களைக்கொல்லி, பூச்சி மருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்திவிட்டு, 15555 என்ற சுகாதார அமைச்சின் ஹீல் எண்ணையோ 03-7627 2929 என்ற பிஃபிரண்டர்ஸ் எண்ணையோ அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999.