மேடேறி ஓடிய தண்ணீர்

‘பனியே இல்லாத மலையில், பனி எங்கே நின்றது என்று எப்படி வரைபடம் போடுகிறார்கள்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பனி என்று இங்கே சொல்வது, பனியுகத்தில் மலையை மூடியிருந்த பனிப்பாளத்தை. இதற்கு ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கோர்ம் மலைத்தொடரையே எடுத்துக்கொள்ளலாம். 1309 மீட்டர் உயரமுள்ள பென் மக்டூயிதான் அங்கே பெரிய சிகரம். உச்சிகள் கூராக இல்லாமல் விரிந்த கருங்கல் மேடுகளாக இருக்கும்.

பள்ளத்தாக்குகளில் சிக்கல் இல்லை. தடித்த பனியின் அடி உருகி வழுக்கும், பாறையைச் சுரண்டும், ‘யு’ வடிவப் பள்ளம் உண்டாகும். இது பள்ளிப் பாடம். மேட்டின் மேல் பனி மெல்லியது. அதன் அடிப்பகுதி தரையோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டிய பனி சுரண்டாது. அதனால்தான் பைனாக் மோர் போன்ற இடங்களில் ‘டோர்’ எனப்படும் அடுக்குப் பாறைகள் இன்னும் நிற்கின்றன. பாறை நிற்கிறது, ஆகவே பனி வரவில்லை என்று முடிவுகட்டுவது தவறு.

அப்படியானால் சாட்சி எது? உருகுநீர் அறுத்துவிட்டுப் போன வறண்ட வாய்க்கால்கள். இவற்றில் இரண்டு வகை உண்டு; பிரித்தறியாமல் வரைந்தால் வரைபடம் முழுக்கப் பொய்யாகிவிடும்.

முதல் வகை பனியின் ஓரத்தில் ஓடியது. உறைந்த பனிக்கு அடியில் புக முடியாத நீர், பனிக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே ஓடும். சரிவில் நேராக இறங்காமல் குறுக்கே மெல்லச் சாய்ந்து போகும். பனி தாழத் தாழ, ஒன்றன்கீழ் ஒன்றாக வாய்க்கால்கள் பதியும். ஒரு வாய்க்கால் 1 கிலோமீட்டருக்கு 30 மீட்டர் இறங்கினால், அந்தப் பனி விளிம்பின் சாய்வும் கிட்டத்தட்ட 3 சதவீதம். மறைந்துபோன பனியின் மேற்பரப்பை இப்படி அளந்துவிடலாம்.

இரண்டாவது வகைதான் அற்புதம். அது பனிக்கு அடியில் ஓடியது. சில இடங்களில் மேடேறியும் ஓடியது! பனியடிக் குழாயை நீர் நிறைத்திருக்கும்போது, மேலிருக்கும் பனியின் எடை அதை அழுத்துகிறது. நீர் போகும் திசையைப் பள்ளம் தீர்மானிப்பதில்லை, அழுத்தம் தீர்மானிக்கிறது. பனியின் அடர்த்தி நீரில் சுமார் 0.917 பங்கு. எனவே பனியின் மேற்பரப்பு 1 மீட்டர் தாழ்ந்தால் போதும், தரை ஏறத்தாழ 11 மீட்டர் உயர்ந்தாலும் நீர் முன்னேறும். திறந்த வெளியில் எந்த ஓடையும் இதைச் செய்யாது. ஆகவே வாய்க்காலின் தளம் நடுவில் மேடேறி இறங்கினால், அது பனிக்கு அடியில் வெட்டப்பட்டது என்பதற்கு வலுவான சான்று.

சோதிப்பது இப்படி. லைடார் (லேசர் ஒளியால் தரையின் உயரத்தை அளக்கும் முறை) உயரத் தரவைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, வாய்க்காலின் நடுவே கோடு இழுத்து, நீளவாட்டு வெட்டுமுகத்தை, அதாவது தளம் ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டுப்படத்தை, எடுக்க வேண்டும். 30 மீட்டர் சதுரத்துக்கு ஓர் உயரம் மட்டுமே தரும் கட்டத் தரவு உதவாது. 10 மீட்டர் அகல வாய்க்கால் அதில் தெரியவே தெரியாது. 1 அல்லது 2 மீட்டர் கட்டம் வேண்டும். நிழல் வரைபடத்தை (கணினியில் செயற்கை ஒளி பாய்ச்சி மேடுபள்ளத்தைக் காட்டும் படம்) ஒரே திசை ஒளியில் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. ஒளியின் திசைக்கு இணையாகப் போகும் வாய்க்கால்கள் மறைந்துவிடும். வடமேற்கிலிருந்தும் (315 பாகை) வடகிழக்கிலிருந்தும் (45 பாகை) தனித்தனியே ஒளி பாய்ச்சிப் பார்க்க வேண்டும். தெற்கிலிருந்து பாய்ச்சினால் பள்ளம் மேடாகத் தோன்றிக் கண்ணை ஏமாற்றும்.

திரையில் வாய்க்கால்போலத் தெரிவதெல்லாம் வாய்க்கால் அல்ல. கரிமண் (மக்கிய தாவரங்கள் படிந்த ஈரமண்) அரிப்பு, பழைய வடிகால், மலைப்பாதை, கருங்கல்லின் விரிசல்கோடு எல்லாமே அப்படித் தோன்றும். மலைச்சரிவு இடிந்து குவிந்த கற்களைப் பனியாற்றுக் குவியல் (நகரும் பனி இழுத்து வந்து போட்ட கற்குவியல்) என்று நம்பி ஏமாறுவதும் உண்டு. அங்கே 50 கற்களை எடுத்து, பனி இழுத்து வந்ததற்கு அடையாளமான கீறலும் மழுங்கிய முனையும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இதற்காகத்தான் சொல்கிறேன்: ஆய்வு நிதியில் களப்பணி நாட்களை வெட்டுவது மிகத் தவறான சிக்கனம். கணினிக்கு மட்டும் பணம் கொடுத்து நல்ல வரைபடம் வாங்க முடியாது.

மேடேறும் வாய்க்காலுக்கும் களச் சோதனை உண்டு. பனி போன பிறகு தளத்தில் கரிமண் படிந்திருக்கலாம், பக்கச்சுவரின் கற்கள் சரிந்து அடைத்திருக்கலாம். வெட்டுமுகத்தில் அதுவும் மேடாகவே தெரியும். எனவே இரும்புக் கம்பியைக் கரிமண்ணில் இறக்கி ஆழம் பார்த்து, அந்த ஆழத்தைத் தள உயரத்திலிருந்து கழிக்க வேண்டும். கல் அடைத்த இடத்தில் கம்பி இறங்காது. அங்கே பாறைத்தளம் வெளியே தெரியும் இடங்களின் உயரத்தை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். அதன் பிறகும் மேடு மிஞ்சினால், ‘பனியடி வாய்க்கால்’ என்று வரைபடத்தில் குறிக்கலாம்.