அடிவாரக் குன்றுகளும் அடியில் கிடந்த எண்ணெயும்

கலிபோர்னியாவில் சான் ஹோக்கின் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில் டெம்ப்ளர் மலைத்தொடர் நிற்கிறது. அதன் அடிவாரத்தில் எண்ணெய் வேட்டை சூடுபிடித்த 1900-களின் தொடக்கத்தில், அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் வல்லுநர்கள் அந்தக் குன்றுகளை வரைபடமாக்கினார்கள். பழுப்புக் கோடுகள் நிலத்தின் உயரம். சின்னச் சின்னக் கறுப்புக் குறிகள் எண்ணெய்க் கிணறுகள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், தரைக்கடியில் பாறை எப்படிப் படுத்திருக்கிறது என்பதே தெரிய ஆரம்பிக்கும்.

அந்தப் பழுப்புக் கோடுகளுக்குச் சமஉயரக் கோடுகள் என்று பெயர். ஒரு கோட்டில் எங்கு நின்றாலும் கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரம். கோடுகள் நெருங்கினால் செங்குத்துச் சரிவு. ஓடையைத் தாண்டும் இடத்தில் கோடு கூராக மடங்கும். கூர்முனை ஓடை இறங்கி வருகிற மேட்டுப் பக்கத்தைக் காட்டும்.

விமானப் படம் இல்லாத காலம் அது. முக்காலியில் பொருத்திய பலகையைக் குன்றின்மேல் தூக்கிப்போய், அதில் தாளை ஒட்டுவார்கள். தூரத்தில் உதவியாளர் அளவுக்கோலைப் பிடித்து நிற்பார். தொலைநோக்கிக்குள் இரண்டு மெல்லிய கம்பிகளுக்கு நடுவே கோலின் எத்தனை பிரிவு தெரிகிறதோ, அதை வைத்துத் தூரம். தொலைநோக்கி சாய்ந்த கோணத்தை வைத்து உயரம். கண்ணெதிரே நிலம் இருக்கும்போதே கோடு போடுவதால்தான் சிறு ஓடைப்பள்ளம்கூட அவ்வளவு உயிரோட்டமாக வந்திருக்கிறது.

சரி, எண்ணெய்க்கு வருவோம். எல்க் ஹில்ஸ், புவெனா விஸ்டா ஹில்ஸ் என்ற இரண்டு குன்றுகளும் வரைபடத்தில் நீண்ட முட்டை வடிவம். ஓரத்தில் தள்ளிய பாய் மடிந்து எழுவதுபோல, பாறை அடுக்குகள் அழுத்தத்தில் வளைந்து எழும்பிய இடங்கள் இவை. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. மணற்பாறையின் நுண்துளைகள் வழியே மேலேறும். களிப்பாறை மறித்தால் வளைவின் உச்சியில் தேங்கும். இங்கே மடிப்பு புவியியல் கணக்கில் மிக இளையது, மழை இன்னும் அதைச் சிதைக்கவில்லை. அதனால் குன்றின் உச்சியும் வளைவின் உச்சியும் ஏறக்குறைய ஒன்றே. பழைய மலைகளில் இதை நம்ப முடியாது. வளைவின் உச்சி அரிக்கப்பட்டுப் பள்ளமாகவே கிடக்கலாம்.

மலையை ஒட்டிய பகுதியில் கதை வேறு. அங்கே அடுக்குகள் சாய்ந்து தரைவரை வந்துவிடுகின்றன. மெக்கிட்ரிக் என்ற ஊரில் எண்ணெய் அப்படித்தான் கசிந்தது. லேசான பகுதி ஆவியாக, மிஞ்சிய தார் பாறைத்துளைகளை அடைத்துக்கொண்டு மீதி எண்ணெயைக் காத்தது. அந்தத் தாரில் பனியூழி விலங்குகளின் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன.

1910 மார்ச்சில் டாஃப்ட், மாரிக்கோபா ஊர்களுக்கு நடுவே லேக்வியூ கிணறு பீறிட்டது. சுமார் 18 மாதம் அடங்கவில்லை. ஏறத்தாழ 90 லட்சம் பீப்பாய் வெளியேறியது. மண்ணணை கட்டித் தேக்கியும் பாதிக்கு மேல் வீண்.

இந்தப் பழைய வரைபடங்களை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. டாஃப்ட் பகுதியை எடுத்து, இன்றைய செயற்கைக்கோள் படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிணறுகள் எந்தக் கோடுகளைப் பின்தொடர்ந்து பெருகின என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.