நியூசிலாந்து காப்பகக் கொடுமைகள்: பசிபிக் தீவு மக்கள் நிவாரணம் கேட்பது எப்படி?

அரசுக் காப்பகங்களிலும் மனநல மருத்துவமனைகளிலும் தேவாலய விடுதிகளிலும் பிள்ளைகளுக்கும் பராமரிப்பில் இருந்த பெரியவர்களுக்கும் நடந்த கொடுமைகளை விசாரிக்க நியூசிலாந்து 2018-இல் ஓர் அரச ஆணையத்தை அமைத்தது. 1950 முதல் 2019 வரை பராமரிப்பில் இருந்த சுமார் 6,55,000 பேரில் 2,00,000 பேர் வரை கொடுமைக்கு ஆளாகியிருக்கலாம் என்று 2024 ஜூலையில் வெளியான அதன் இறுதி அறிக்கை மதிப்பிட்டது. அதே ஆண்டு நவம்பர் 12 அன்று பிரதமர் கிறிஸ்டோபர் லக்சன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

சமோவா, தொங்கா, நியுவே, குக் தீவுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் இதில் சிக்கினார்கள். அவர்களுக்காக 2021 ஜூலையில் ஆக்லாந்தின் மாங்கரேயில் தனி விசாரணை நடந்தது. லேக் ஆலிஸ் மனநல மருத்துவமனையில் 1970-களில் அடைக்கப்பட்ட 13 வயது நியுவே சிறுவனின் கதை பலருக்குத் தெரியும். வெளியே போகும் கடிதங்களை ஊழியர்கள் படிப்பார்கள். அதனால் ஆங்கிலத்தில் நலம் விசாரித்து எழுதிவிட்டு, ஓரத்தில் ஒரு சிரித்த முகம் வரைந்து, அதனருகே தன் தாய்மொழியில், மின்சாரம் பாய்ச்சுகிறார்கள், வலி தாங்க முடியவில்லை என்று பாட்டிக்குத் தெரிவித்தான். லேக் ஆலிஸில் நடந்தது சித்திரவதைதான் என்று அரசு ஒப்புக்கொள்ள 2024 வரை ஆனது.

இப்போது நிவாரணம். 2017 ஏப்ரலுக்கு முன் அரசின் குழந்தைகள் நலப் பராமரிப்பில் இருந்தவர்கள் சமூக மேம்பாட்டு அமைச்சகத்திடம் கோரலாம். அதற்குப் பிந்தையது ஒராங்கா தமரிகி என்ற குழந்தைகள் நலத் துறையின் பொறுப்பு. வழக்கறிஞர் கட்டாயமில்லை. புதிய கோரிக்கைகளுக்கான சராசரித் தொகையை 19,180 நியூசிலாந்து டாலரிலிருந்து 30,000 டாலராக உயர்த்துவதாகவும், ஏற்கெனவே தீர்த்துக்கொண்டவர்களுக்கு 50 சதவீதம் கூடுதலாகத் தருவதாகவும் 2025 மே மாதம் அரசு அறிவித்தது. ஆனால் ஆணையம் கேட்ட தனிச் சுயேச்சை அமைப்பு வரவில்லை. எந்தத் துறையின் கையில் பிள்ளை துன்பப்பட்டதோ, அதே துறையே கோரிக்கையை எடைபோடுகிறது. இது நியாயமே இல்லை.

விண்ணப்பிக்கும் முன் தனியுரிமைச் சட்டத்தின்படி நீங்கள் பராமரிப்பில் இருந்த காலத்துக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். பசிபிக் குடும்பத்தினர் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அக்காலப் பதிவேடுகளில் பல பிள்ளைகளின் இனம் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி என்றோ, பொதுவாகப் பொலினீசியர் என்றோ குறிக்கப்பட்டது. சிலருக்கு அந்த இடமே காலி. பெயரையும் தப்பும் தவறுமாக எழுதியிருப்பார்கள். எத்தனை எழுத்துக்கூட்டல்கள் இருக்கக்கூடுமோ அத்தனையையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். கோப்பில் ஒரு சம்பவம் இல்லை என்பதாலேயே அது நடக்கவில்லை என்றாகாது.

தேவாலய இல்லங்களில் நடந்தவற்றுக்கு வழி இன்னும் கரடுமுரடானது. அந்தந்தச் சபைக்கென்று தனி நடைமுறை. கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனி அலுவலகமே உண்டு. போதகரை எதிர்த்துப் பேசினால் குடும்ப மானம் போகும் என்ற அச்சத்தில் பலர் பல பத்தாண்டுகள் வாய் திறக்கவில்லை. அவர்களை அதே சபையின் படியேறச் சொல்வது கொடுமை. சபையிடம் போக மனமில்லாதவர்கள் பாலியல் கொடுமைக்கான உளவியல் ஆலோசனையை விபத்து இழப்பீட்டுக் கழகமான ஏசிசி வழியாக இலவசமாகப் பெறலாம். கொடுமை நியூசிலாந்தில் நடந்திருக்க வேண்டும், அல்லது அது நடந்தபோது நீங்கள் நியூசிலாந்தில் வசிப்பவராக இருந்திருக்க வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்பது தடையில்லை. காவல்துறையில் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.