தூரிகை ஓடாத நாட்களில் வெயிலில் ஒரு காகிதம்

எத்தனை தாள் கிழித்தாலும் அதே மலை, அதே மரம், அதே கோணம். ஓவியர்களுக்கு இப்படிச் சில வாரங்கள் வரும். கற்பனை வற்றிவிட்டதென்று பயப்படுவார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு: கை பழகிய தடத்தை விட்டு இறங்க மறுக்கிறது.

இதை உளவியலாளர் ஆப்ரகாம் லூச்சின்ஸ் 1942இல் குடுவைக் கணக்குகளால் காட்டினார். 21, 127, 3 அளவு கொள்ளும் மூன்று குடுவைகள். 100 அளவு தண்ணீர் வேண்டும். பெரியதை நிரப்பி, முதல் குடுவைக்கு ஒரு தடவையும் சின்னதற்கு இரண்டு தடவையும் ஊற்றினால் 100 மிஞ்சும். இதே வழியில் தீரும் கணக்குகளை வரிசையாகப் போட்டவர்களிடம் 23, 49, 3 கொடுத்து 20 கேட்டார். 23இல் 3 போனால் முடிந்தது. ஆனாலும் பெரும்பாலோர் பழைய சுற்றுவழியிலேயே போனார்கள். முன்பயிற்சி இல்லாதவர்களுக்கோ குறுக்குவழி எளிதாகத் தெரிந்தது.

அதனால்தான் கைப்பழக்கமே இல்லாத கலையைத் தொடச் சொல்கிறோம். நீர்வண்ணத்தில் முடங்கியவர் அக்ரிலிக்குக்கு மாறினால் கோடும் கண்ணும் கூடவே வந்துவிடும். கோடே போட முடியாத ஒன்று வேண்டும். ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த சயனோடைப், அதாவது மருந்து பூசிய தாளில் பொருளை வைத்து வெயிலில் காட்டிப் படமெடுக்கும் நீல அச்சு, அதற்கு அருமையாகப் பொருந்தும். அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இம்முறையில் பதித்துப் புத்தகமாக்கத் தொடங்கினார்.

முதலில் தாளில் பூச இரண்டு கரைசல்கள் வேண்டும். 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 25 கிராம் பச்சை ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட். வேறொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. இரண்டையும் தனித்தனிக் கருநிறப் புட்டியில் வையுங்கள். முதல் கரைசலில் பூஞ்சை பிடிக்கும், வடிகட்டினால் போதும். கையுறை அவசியம், சமையல் பாத்திரம் கூடாது. ஃபெரிசயனைடைச் சூடாக்கவோ வீரிய அமிலத்துடன் கலக்கவோ கூடாது, நச்சு வாயு வரும்.

ஜன்னலை மூடி, மங்கலான குண்டு பல்பு வெளிச்சத்தில் இரண்டையும் சம அளவு கலந்து, தடித்த நீர்வண்ணத் தாளில் மெல்லியதாகப் பூசி இருட்டில் உலர்த்துங்கள். தாள் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். அதன்மேல் முருங்கை இணுக்கையோ பெரணியையோ வைத்து, கண்ணாடியால் அழுத்தி, கிளிப் போட்டு நண்பகல் வெயிலில் வையுங்கள். 5 நிமிடத்திலிருந்து 15 நிமிடம் வரை ஆகலாம். பச்சை நீலமாகி, பிறகு சாம்பல் பூத்தாற்போல் மங்கும். எடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

அந்தச் சில நிமிடங்களில் வெயிலின் புற ஊதாக் கதிர், பூச்சில் உள்ள ஃபெரிக் இரும்பை அதன் இன்னொரு வடிவமான ஃபெரஸ் இரும்பாக மாற்றுகிறது. அது ஃபெரிசயனைடுடன் சேர்ந்து, நீரில் கரையாத பிரஷ்ய நீலமாகத் தாளின் இழைகளில் தங்குகிறது. இலை மறைத்த இடத்தில் மாற்றமில்லை. அங்கே உள்ள மருந்து தண்ணீரில் கரைந்தோடி வெள்ளை தெரியும். மஞ்சள் முழுவதும் போகும்வரை அலசுங்கள். முதலில் வெளிறித் தெரியும் நீலம், காற்றுப் பட்டு ஒரு நாளில் ஆழ்ந்துவிடும்.

நீலம் தண்ணீரோடு போனால் வெயில் போதவில்லை, அல்லது பூச்சு தடித்துவிட்டது. இலையின் ஓரம் கலங்கினால் கண்ணாடி சரியாக அழுத்தவில்லை. வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்திலும் நீலம் பாய்ந்திருந்தால் தாளில் முன்பே வெளிச்சம் பட்டிருக்கிறது. காரத்தன்மை மிகுந்த போர்த் தண்ணீர் நீலத்தை அரிக்கும். முதல் அலசலில் சிறிது வினிகர் சேருங்கள்.

வரைபவர் இங்கே கவனிக்க வேண்டியது முருங்கை இணுக்கைத்தான். கண்ணாடிக்குக் கீழே அதை நகர்த்தலாம், கவிழ்க்கலாம், பாதியை வெளியே விடலாம், வரைய முடியாது. வெள்ளையாக எஞ்சும் வடிவத்தைப் பற்றி மட்டுமே யோசிக்க வேண்டியிருக்கும். தூரிகையில் ஊறியவர்கள் பெரும்பாலும் மறப்பது இந்த வெற்றிடத்தைத்தான். ஆறேழு தாள் போதும். நல்லது கெட்டது பார்க்காமல் காயவிடுங்கள். தூக்கமின்மையாலோ மனச்சோர்வாலோ வந்த முடக்கத்துக்கு இது மருந்தாகாது. அதற்கு ஓய்வும் மருத்துவரும் வேண்டும்.

மறுநாள் பழைய வண்ணப்பெட்டியைத் திறக்கும்போது, ஒரு நீல அச்சை எதிரே சாத்தி வைத்து, அதன் வெள்ளை வடிவங்களை மட்டும் வரையத் தொடங்குங்கள்.